பனியைத் தைத்தது யார்?

“பனி பிரமாதம். ஆனால் ராணுவம் எங்கே?” என்று கேட்டார் நடுவர்.

என் பலகையில் நாற்பத்து மூன்று ஃபின்லாந்து வீரர்கள் இருந்தார்கள். எல்லோரும் 28 மில்லிமீட்டர் அளவு. வெள்ளை மேலங்கி, பனிச்சறுக்குக் கட்டைகள், துப்பாக்கி. பலகையின் பின்பாதியில், ஸ்ப்ரூஸ் மரங்களுக்கிடையே போய்க்கொண்டிருந்தார்கள். முன்பாதியில் ஒரு கூடாரம், ஒரு கொப்பரை, ரொட்டி அடுக்கிய சறுக்குவண்டி, சாம்பல் நிற உடையில் ஆறு பெண்கள். ஆறு பெண்கள் முன்னால் நின்ற மாத்திரத்தில் நாற்பத்து மூன்று ஆண்களும் அவர் கண்ணிலிருந்து மறைந்துவிட்டார்கள். “இவர்களைப் பின்னால் நகர்த்திவிட்டால் பரிசுக்கு வாய்ப்பு உண்டு” என்றும் சொன்னார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். எனக்கு அந்த நல்லெண்ணத்தோடுதான் சண்டை.

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு: குட்டிப் போர்வீரர்களை வாங்கி ஒட்டி வண்ணம் தீட்டி, மேசைமேல் அணிவகுத்து, அளவுநாடாவும் பகடையும் வைத்துப் போர் ஆடுவது மினியேச்சர் வார்கேமிங். காட்சிப் பலகை ஆட்டத்துக்கானதல்ல, பார்வைக்கானது. ஒரு படையைப் பொருத்தமான நிலத்தில் நிறுத்திக் காட்டுவது. இரண்டடிக்கு இரண்டடி என்பது பழகிப்போன அளவு.

அதைச் செய்யும் வேலை என்ன வேலை என்று பாருங்கள். ஃபோம் அட்டையை வெட்டி மேடு பள்ளம் செதுக்க வேண்டும். கம்பியை முறுக்கி மரம் கட்ட வேண்டும். பனிக்குச் சமையல் சோடாவை வெள்ளைப் பசையில் குழைத்துப் பூசினால் சில மாதங்களில் மஞ்சளடித்துவிடும். அதனால் கண்ணாடி நுண்குமிழ்ப் பொடியை வாங்கி, மூக்கை மூடிக்கொண்டு, பசையோடு கலந்து கரண்டியால் வழித்துப் பூச வேண்டும். வெறும் வெள்ளை பனியாகத் தெரியாது. நிழல் விழும் பக்கம் இளநீலம் வேண்டும், சறுக்குவண்டித் தடத்தில் கொஞ்சம் பழுப்பு வேண்டும், காற்று வீசும் திசையில் மட்டும் மரத்தடியில் பனி குவிந்திருக்க வேண்டும். மாவு பிசைந்தவளுக்கும் ஊசியில் நூல் கோத்தவளுக்கும் இதில் எதுவும் புதிதல்ல. இதே விரல் வேலையைப் பெண்கள் செய்தால் அது பொம்மை வீடு, கைவேலை, பொழுதுபோக்கு. நடுவயது ஆண்கள் பூதக்கண்ணாடி விளக்கின் கீழ் உட்கார்ந்து செய்தால் அது போர்க்கலை. பொம்மை என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள், முகம் சுருங்கும்.

இந்தச் சுருக்கம் பழையது. எச். ஜி. வெல்ஸ் 1913-இல் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் ஆட்டத்துக்கு விதிகள் எழுதி ஒரு புத்தகம் போட்டார். பன்னிரண்டு வயதிலிருந்து நூற்றைம்பது வயது வரையுள்ள பையன்களுக்கானது அது என்று அட்டைத் தலைப்பே சொல்கிறது. பெண்களில், ஆண்பிள்ளை விளையாட்டை விரும்புகிற புத்திசாலிகளுக்கு மட்டும் இடம் உண்டாம். ஆனால் அதற்கு 87 வருஷம் முன்பே, 1826-இல், யார்க்‌ஷயரில் பேட்ரிக் பிராண்டி தன் மகனுக்கு ஒரு பெட்டி மரச் சிப்பாய்களை வாங்கி வந்தார். சார்லட், எமிலி, ஆன் மூவரும் ஆளுக்கொரு சிப்பாயைக் கைப்பற்றினார்கள். சார்லட் தன்னுடையதற்கு வெலிங்டன் பிரபு என்று பெயர் வைத்தாள். அந்தச் சிப்பாய்களிலிருந்து நாடுகளும் போர்களும் கலகங்களும் பிறந்து பக்கம் பக்கமாக எழுதப்பட்டன. எமிலியும் ஆனும் பின்னால் தங்களுக்கென்று வட பசிபிக்கில் கொண்டல் என்ற குளிர்த்தீவையே படைத்துக்கொண்டார்கள். யாருடைய விளையாட்டுக்குள் யார் அனுமதி கேட்டு நுழைந்தார்கள்?

நடுவரிடம் திரும்புகிறேன். அவருடைய வாதம் வரலாற்றுத் துல்லியம். நல்லது, துல்லியமாகவே பேசுவோம். சோவியத் படை 1939 நவம்பர் 30 அன்று ஃபின்லாந்துக்குள் நுழைந்தது. 1940 மார்ச் 13 வரை 105 நாள் போர். குளிர் சில இடங்களில் மைனஸ் நாற்பதுக்குப் போனது. வரவழைக்கப்பட்ட ஆட்களில் பலருக்குக் கொடுக்கச் சீருடையே இல்லை. ஒரு இடைவாரும் தொப்பிச் சின்னமும்தான் கிடைத்தன. மிச்சமெல்லாம் வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு வந்தது. அன்றைய பிரதமர் பெயரைச் சேர்த்து அதைக் கயாண்டர் மாடல் என்று கேலி செய்தார்கள். வீட்டிலிருந்து வந்த கம்பளிக் காலுறையையும் கையுறையையும் பின்னியது யார்? எந்தக் காட்சிப் பலகையிலும் ஃபின்னிஷ் வீரனின் அடையாளம் அந்த வெள்ளைப் பனிமேலங்கிதான். அதைத் தைத்தவர்களில் லொட்டா ஸ்வார்ட் அமைப்பின் பெண்கள் இருந்தார்கள். அவர்களே களத்தில் சமைத்தார்கள், காயத்துக்குக் கட்டுப் போட்டார்கள், கோபுரங்களில் நின்று விமானம் வருகிறதா என்று வானத்தைப் பார்த்தார்கள். முன்னணியிலிருந்து வந்த சடலங்களைக் கழுவி உடுத்திப் பெட்டியில் வைத்தவர்களும் அவர்களே. உறைந்த உடலுக்குச் சட்டை மாட்டுவது என்ன வேலை என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

பொத்தானின் நிறம் தவறினால் சண்டைக்கு வருகிறவர்களுக்கு, அந்தப் பொத்தானைத் தைத்தவள் பலகையில் நின்றால் அது பிழையாகத் தெரிகிறது. சிமோ ஹைஹா மட்டும் வேண்டும், குறிபார்த்துச் சுடும் அந்த வெள்ளை உருவம் ஒவ்வொரு பலகையிலும் ஏதாவதொரு மேட்டில் படுத்திருக்கிறது. அவருக்கும் யாரோ ஒருத்தி ரொட்டி சுட்டிருப்பாள்.

லொட்டாக்களைத் தேவதைகளாக்கவும் எனக்கு விருப்பமில்லை. 1918 உள்நாட்டுப் போரில் வென்ற வெள்ளைத் தரப்பிலிருந்து வளர்ந்த, தேசமும் திருச்சபையும் குடும்பமும் என்று பேசிய அமைப்பு அது. அதே 1918-இல் செந்தரப்பில் துப்பாக்கி ஏந்திய தொழிலாளர் பெண்கள் பிடிபட்டபோது, ஓநாய்ப் பெட்டைகள் என்று ஏசப்பட்டுச் சுடப்பட்டார்கள். ஆயுதம் எடுத்தவளுக்கு அந்த வசை; அகப்பை எடுத்தவளுக்குப் புகழ். அந்தப் புகழும் எதுவரை? 1944-இல் சோவியத்தோடு போர்நிறுத்தம் வந்ததும் அமைப்பே கலைக்கப்பட்டது. இதையெல்லாம் சேர்த்தே அவர்களைப் பலகையில் நிறுத்தினேன். ஒரு படை எதால் ஆனது என்று காட்டுவதற்கு, அவர்கள் நல்லவர்களாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

துல்லியம் என்பது சாக்கு என்பதற்கு இன்னொரு சாட்சி உண்டு. வார்ஹாமர் 40,000 முழுக்கக் கற்பனை. பல்லாயிரம் ஆண்டு தள்ளிய எதிர்காலம், பேய்கள், பறக்கும் கோட்டைகள். அந்த உலகில் பேரரசரின் பொன்கவசக் காவலர்களில் பெண்ணும் உண்டு என்று 2024 ஏப்ரலில் தெரியவந்ததும் இணையம் பற்றி எரிந்தது. அங்கே எந்த ஆவணக் காப்பகத்தைப் புரட்டிக் கோபப்பட்டார்கள்?

“பெண்களும் சுடலாம்” என்பதல்ல என் கோரிக்கை. பெண் உருவங்களைத் துப்பாக்கியோடு வார்த்து விற்பதில் எந்த நிறுவனத்துக்கும் நஷ்டமில்லை. போர் என்றால் சுடுவது மட்டும்தான் என்ற கணக்கு அப்படியே இருக்கும். பனி அந்தக் கணக்குக்கு வசதியானது. சமையல் சாம்பல், ரத்தம் அலசிய நீர், தையல் அறையின் துணிக்கிழிசல் எல்லாவற்றையும் வெள்ளையாக மூடி, வீரனை மட்டும் கறுப்புக் கோடாக நிறுத்திக் காட்டும். அதனால்தான் கூடாரத்துக்கு முன்னால் நான் பனியைச் சுரண்டி எடுத்தேன். மிதிபட்ட சேறு, சிந்திய கஞ்சி, கரி.

ஆறு பேரையும் பின்னால் நகர்த்தவில்லை. பலகையின் இடது மூலையில் இப்போது ஒரு பள்ளிக்கூட அறை வருகிறது, கூரையில்லாமல், உள்ளே தெரியும்படி. பெஞ்சுகளைச் சுவரோரம் ஒதுக்கியாயிற்று. தையல் இயந்திரத்தின் சக்கரத்துக்குப் பழைய கைக்கடிகாரம் ஒன்றைப் பிரித்தேன். மேசையிலிருந்து தரைக்கு வழியும் வெள்ளைத் துணிக்கு மெல்லிய காகிதத்தைப் பசையில் நனைத்துக் காயவைத்திருக்கிறேன். அதில் மட்டும் நீலம் கலக்கப்போவதில்லை.