கந்தலுக்கும் ஒரு கணக்கு

'பழைய பட்டுப்புடவை வாங்குறதே...ய்!'

ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தக் குரல் தெருவுக்குள் நுழைந்தால் எனக்கு வயிறு எரியும். என் அம்மாவின் கல்யாணப் புடவை இந்தக் குரலோடுதான் போனது. அரக்கு உடல், பச்சைக் கரை. வந்தவர் புடவையை முழுசாகப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஜரிகையை உரசிப் பார்த்தார், எடை போட்டார். 'ஜரிகைக்குத்தாம்மா காசு. பட்டுக்கு ஒண்ணும் கிடையாது' என்றார். அம்மா மறுபேச்சு பேசவில்லை.

அப்புறம் என்ன நடக்கும் தெரியுமா? ஜரிகை உள்ள பகுதியை எரிப்பார்கள். பட்டு சாம்பலாகும். மிஞ்சுவதை உருக்கி வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். ஒரு கல்யாணம், மூன்று பிரசவம், நாற்பது தீபாவளி பார்த்த புடவைக்கு அதுதான் தகனம்.

நான் படித்தது பி.காம். எந்தச் சொத்துக்கும் வருஷாவருஷம் தேய்மானம் கழித்து, கடைசியில் காயலான் கடை மதிப்பு போடச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால், பட்டுப்புடவைக்கு நாம் போடுவது கள்ளக் கணக்கு. வாங்கும்போது எதற்குக் காசு கொடுத்தோம்? வெறும் வெள்ளிக்கா? கோர்வைக்கும் சேர்த்துத்தானே? உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா. நெசவாளியின் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். அந்த இரண்டு ஜோடிக் கைகளின் மதிப்பு, விற்கும்போது மட்டும் பூஜ்யம்!

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கூரம் என்று ஒரு ஊர். கூரத்தாழ்வான் பிறந்த ஊர் என்றால் வைணவர்களுக்குத் தெரியும். அங்கே கிடைத்த செப்பேடுகள், பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தவை. 7ஆம் நூற்றாண்டு. சாளுக்கிய விக்கிரமாதித்தன் பெரும்படையோடு வந்தவன், கடைசியில் ஒரு கந்தலைச் சுற்றிக்கொண்டு ஓடினான் என்று அதில் பல்லவன் பெருமையடித்துக்கொள்கிறான். அந்தத் தகடுகளை யாராவது செம்பு விலைக்குப் போட்டிருந்தால்? போர்க் கதையும் போயிருக்கும், அந்தக் கந்தலும் போயிருக்கும். செப்பேட்டுக்குப் புரிந்த நியாயம் புடவைக்கு மட்டும் ஏன் புரியவில்லை?

'அதுக்காகக் கிழிசலை வச்சுக்கிட்டு என்ன சார் பண்றது?' என்பீர்கள்.

பட்டு முதலில் இற்றுப்போவது மடிப்பில்தான். கரையும் முந்தானையும் பெரும்பாலும் கெட்டியாகவே இருக்கும். அவற்றை வெட்டியெடுத்து, அடியில் மெல்லிய பருத்தித் துணி கொடுத்துத் தைத்தால் இன்னும் பல வருஷம் நிற்கும். தறியில் மிஞ்சிய நூல் நுனி, உடைந்த நாடா, பழைய பித்தளைப் பொத்தான் எல்லாம் சேர்த்தால் ஒரு சுவர் ஓவியமே பண்ணலாம்.

'ஒட்டுப்போடுறதெல்லாம் கலையா?' என்று சிரிக்காதீர்கள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து கீஸ் பெண்ட் கிராமத்துக் கறுப்பினப் பெண்கள், நைந்த வேலை உடுப்புகளை வெட்டித் தைத்த மெத்தை விரிப்புகள் 2002இல் நியூயார்க் விட்னி மியூசியத்தில் தொங்கின. 2006இல் தபால்தலையாகவும் வந்தன. அவ்வளவு தூரம் எதற்கு? 2004 சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லின் உபாசனா நிறுவனம், வெட்டி எஞ்சிய துணியில் குட்டிப் பொம்மை செய்ய மீனவப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. 'சுனாமிகா' என்று பெயர். அது விற்பனைக்கு இல்லை, பரிசு. நன்கொடையிலிருந்து அந்தப் பெண்களுக்கு வருமானம்.

அதற்காக 'அப்சைக்கிள்' என்று சீட்டு ஒட்டி வருகிற எல்லாவற்றுக்கும் நான் கைதட்டத் தயாரில்லை. தைக்கிற பெண்ணுக்கு பீஸ் ரேட், பேரும் லாபமும் டிசைனருக்கு என்றால், அது எடைக்கு எடுப்பதைவிட எந்த விதத்தில் மேல்? கீஸ் பெண்ட் பெண்களிலேயே சிலர், தங்களுக்குரிய பங்கு வரவில்லை என்று 2007இல் கோர்ட்டுக்குப் போனார்கள். பிறகுதான் சமரசம்.

நான் கேட்பது பெரிய திட்டமெல்லாம் இல்லை. காஞ்சிபுரத்தில் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. அவை பழைய புடவையைத் திரும்ப வாங்கட்டும். வெள்ளிக்கு ஒரு விலை, நல்ல துணிக்குத் தனியாக ஒரு விலை என்று இரண்டு வரியாக ரசீது போடட்டும். அந்தத் துணி கூரம் மாதிரி ஊர்களில் தையல் மிஷின் வைத்திருக்கும் பெண்களிடம் போகட்டும். தைத்து முடித்ததன் பின்பக்கம் தைத்தவர் பெயர் இருக்கட்டும். நெய்தவர் தெரிந்தால் அவர் பெயரும்.

கஷ்டத்துக்கு விற்பவர்களை நான் சொல்லவில்லை. அவர்கள் விற்கட்டும், நல்ல விலைக்கு. பீரோவில் இடம் அடைக்கிறது என்று விற்கிறோமே, நம்மைத்தான் சொல்கிறேன்.

அம்மாவின் சீமந்தப் புடவை இன்னும் வீட்டில் இருக்கிறது. மடிப்பில் நாலு இடத்தில் விட்டுவிட்டது. போன ஞாயிறு குரல் கேட்டதும் அம்மாவே எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

'அதை வெட்டித் தரேன். உனக்குத் தெரிஞ்ச தையக்காரம்மாகிட்ட குடுடா. கூலியைக் குறைக்காதே' என்றார்.