விரல் நோகுது, அப்பா!

“அப்பா, விரல் நோகுது. நான் இனி வாசிக்க மாட்டன்.”

கிட்டார் வாங்கி ஐந்தாவது கிழமை என் எட்டு வயது மகள் இப்படிச் சொன்னாள். நான் சொன்ன பதிலை நினைத்தால் இப்பவும் வெட்கமாக இருக்கு: “காசு கட்டியாச்சு. சோம்பேறித்தனம் வேண்டாம், எடுத்து வாசி.”

இதே வசனத்தை என் அப்பாவிடம் நானும் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்போது பதினொரு வயது. ஸ்காபரோவில் சனிக்கிழமை மிருதங்க வகுப்பு. ஒரு வருசம் இழுபட்டுப் போய்விட்டு நிறுத்தினேன். மிருதங்கம் பேஸ்மென்டுக்குப் போனது. அதற்குப் பிறகு அப்பாவும் நானும் சங்கீதத்தைப் பற்றிக் கதைத்ததே இல்லை. உங்களில் பலருடைய வீட்டிலும் ஒரு வயலினோ வீணையோ இப்படிக் கிடந்திருக்கும்.

நான் சொஃப்ட்வேர் வேலை செய்கிறவன். ஒரு ஆப் ஓடவில்லை என்று யாராவது சொன்னால், அதைப் பாவிக்கிற ஆளைக் குறை சொல்லுறதுக்கு முதல் நாங்கள் எழுதினதைத்தான் திறந்து பார்ப்போம். என் மகள் விசயத்தில் அந்தப் புத்தி வர எனக்கு ஒரு கிழமை எடுத்தது.

அவளுக்கு வகுப்பு ஒன்லைனில். மாஸ்டருக்குத் திரையில் முகமும் கையும்தான் தெரியும். அதனால் கிட்டார் திருத்துகிற கடை ஒன்றுக்கு அதைக் கொண்டுபோனேன். திருத்துகிறவர் ஒரு தந்தியை அழுத்திப் பார்த்துவிட்டு, “இதை யார் வாசிக்கிறது, நீங்களா?” என்று கேட்டார்.

நான் வாங்கியிருந்தது பெரியவர்களுக்கான முழு அளவுக் கிட்டார், இரும்புத் தந்தி. ‘வளர்ந்தாலும் பாவிக்கலாம்’ என்று சப்பாத்தை ஒரு சைஸ் பெரிதாக வாங்குவோமே, அந்தக் கணக்கு. போதாததற்குத் தந்தி கழுத்துப் பலகையிலிருந்து அதிக உயரத்தில் நின்றது. பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அளந்தால் கிட்டத்தட்ட 4 மில்லிமீற்றர். இரும்புத் தந்திக்கு 2, இரண்டரை மில்லிமீற்றர் போதும். நானே அழுத்திப் பார்த்தேன். எனக்கே நொந்தது.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன்: “பிழை உன்னில இல்லையம்மா, கிட்டாரில.”

“அப்ப நான் சோம்பேறி இல்லையா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை.

இப்போது அவளிடம் இருப்பது முக்கால் அளவு, நைலோன் தந்தி. நான் படித்துக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். பொதுவாக ஐந்திலிருந்து ஏழு வயதுக்கு அரை அளவு, எட்டிலிருந்து பத்து வயதுக்கு முக்கால், பதினொன்று பன்னிரண்டுக்குப் பிறகு முழு அளவு. ஆனால் வயதைவிடக் கையைப் பாருங்கள். பிள்ளை இருந்தபடி முதலாவது ஃபிரெட்டைப் பிடிக்கும்போது முழங்கை கொஞ்சம் மடிந்திருக்க வேணும். கை நேராக நீண்டால் கிட்டார் பெரிது.

சரியான கிட்டாரிலும் முதல் சில கிழமைகள் விரல் நுனி நோகத்தான் செய்யும். பிறகு தோல் காய்த்துவிடும். மணிக்கட்டு நொந்தாலோ கை விறைத்தாலோ அது வேறு விசயம், உடனே நிறுத்தச் சொல்லுங்கள். தந்தியை அழுத்துகிற கையின் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் இருத்தி வைப்பதைவிட, தினமும் பத்து நிமிடம் நல்லது. ஈ மைனர் கோர்டுக்கு இரண்டு விரல் போதும். கீழே உள்ள மூன்று மெல்லிய தந்திகளை மட்டும் மீட்டினால், ‘ஜி’யையும் ‘சி’யையும் ஒரே விரலில் பிடிக்கலாம். ஒரு விரலால் எல்லாத் தந்தியையும் சேர்த்து அமுக்குகிற ‘எஃப்’ வராவிட்டால் வரட்டும், அவசரமில்லை.

பதின்ம வயதுப் பிள்ளை எலக்ட்ரிக் கிட்டார் கேட்டால், “முதல் சாதாரணக் கிட்டாரைப் பழகு, பிறகு பாப்பம்” என்று சொல்வோம். என் அக்காவும் மகனிடம் அதைத்தான் சொன்னா. உண்மையில் எலக்ட்ரிக் கிட்டாரின் தந்தி மெல்லியது, அழுத்துவது சுலபம். ஹெட்ஃபோன் போட்டால் வீட்டில் சத்தமும் இல்லை. எந்தப் பாட்டு என்பதை அவனே தெரியட்டும். அறைக் கதவு மூடியிருந்தால் மூடியபடி இருக்கட்டும்.

இன்னொன்று, விருந்தினர். பிறந்தநாள் வீட்டில் யாராவது ஒரு மாமா, “எங்க, ‘இளைய நிலா’ வாசி பாப்பம்” என்பார். 1982இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்துப் பாட்டு அது. அந்தக் கிட்டாரை வாசித்தவர் கைதேர்ந்த கலைஞர். மூன்று மாதம் பழகின பிள்ளையிடம் அதைக் கேட்டால் பிள்ளை அறைக்குள் ஓடிவிடும். மாமாவைச் சமாளிப்பது எங்கட வேலை.

போன மாதம் என் அப்பா வந்திருந்தார். மகள் தானாகவே கிட்டாரை எடுத்து இரண்டு கோர்டை மாற்றி மாற்றி மீட்டினாள். அப்பா கதிரைக் கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். போகும்போது வாசலில் நின்று என்னிடம் கேட்டார்: “அந்த மிருதங்கம் இன்னும் கிடக்கோ?”

“கிடக்குது அப்பா,” என்றேன். தோல் போயிருக்கும், மாற்ற வேணும்.

இன்றைக்குப் பிள்ளை படுத்த பிறகு அதன் கிட்டாரை எடுத்து, முதலாவது ஃபிரெட்டில் ஒரு தந்தியை அழுத்திப் பாருங்கள். உங்கள் விரலே நொந்தால், பிள்ளையோடு கதைக்கிறதுக்கு முதல் கடைக்காரரோடு கதையுங்கள்.