பின்சீட் காலி!

உங்கள் வீட்டில் பதினெட்டு வயதில் ஒரு பிள்ளை இருக்கிறதா? இருந்தால் இந்தப் பக்கத்தைக் கண்ணில் படும்படி டீப்பாய் மேல் விரித்து வைத்துவிட்டு, நைஸாகக் காய்கறி வாங்கக் கிளம்பிவிடுங்கள். நேரில் சொன்னால் கேட்க மாட்டார்கள். என் பையனும் கேட்கவில்லை.

இந்த வருஷ ஆரம்பத்தில் அவனுக்குப் பதினெட்டு முடிந்தது. கேக் வெட்டி, க்ரீமை என் மூக்கில் தடவிய கையோடு செல்போனை நீட்டினான்.

"அப்பா, இதான்."

திரையில் பச்சைக் கலரில் ஒரு ஜந்து. முன்னாலிருந்து பார்த்தால் வெட்டுக்கிளி, பின்னாலிருந்து பார்த்தால் தேள். பின்சீட் என்ற பெயரில் ஒரு சின்னப் பலகை ஆகாசத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. புறா உட்காரலாம்.

"எத்தனை சிசி?"

"200. இருபத்தஞ்சு குதிரை சக்திப்பா!"

என் தாத்தா மாப்பிள்ளை ஊர்வலம் போனது ஒரே ஒரு குதிரையில். அதுவும் மண்டபத்துக்கு வழி தெரிந்த குதிரை. இருபத்தைந்தை வைத்துக்கொண்டு இவன் காலேஜுக்குப் போக வேண்டுமாம். வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர். நடுவில் ஆறு ஸ்பீடு பிரேக்கர், ஒரு மாட்டுத் தொழுவம்.

"அம்மாவைக் கேளு" என்றேன்.

"அம்மா உங்களைக் கேக்கச் சொன்னா."

எங்கள் வீட்டில் 'முடியாது' என்கிற இலாகா மட்டும் எப்போதும் என்னிடம்தான் ஒப்படைக்கப்படும்.

1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்த புதிதில், எங்கள் தெரு வாத்தியார் அதில் மனைவி, குழந்தை, அரிசி மூட்டை சகிதம் போனதை வர்ணித்தேன். "அப்பா, ப்ளீஸ்" என்றான். அந்த 'ப்ளீஸு'க்கு 'வாயை மூடு' என்று அர்த்தம்.

* * *

பேச்சுவார்த்தை முறிந்ததால், மூன்றாவது நபரின் மத்தியஸ்தத்துக்குப் போனோம். எங்கள் குரோம்பேட்டை மெக்கானிக் பாய். முப்பது வருஷமாகக் கை கறுப்பு, மனசு வெள்ளை.

பாய் செல்போன் படத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை. அங்கேதான் அவர் என்னைவிடக் கெட்டிக்காரர்.

"சூப்பர் வண்டி தம்பி. ரெண்டாவது வண்டியா வாங்கிக்கோ."

"முதல் வண்டியா வாங்கினா என்ன பாய்?"

"புதுசா ஓட்டறவன் ஒரு நாளைக்குப் பத்து தப்பு பண்ணுவான். கிளட்சை டக்குனு விடுவான். பயத்துல பிரேக்குக்கு பதிலா ஆக்ஸிலேட்டரை முறுக்குவான். வளைவுல பாதி வழியில பிரேக் அடிப்பான். முதல் வண்டி இதுல ஒம்பதைப் பொறுத்துக்கணும். இந்த வண்டி ஒண்ணைக்கூடப் பொறுத்துக்காது."

பிறகு ஷெட்டில் நின்றிருந்த ஒரு பழைய 100 சிசி வண்டியைக் காட்டினார். எட்டு குதிரை சக்தி. எடை 110 கிலோ சொச்சம். "ஏறி உக்காரு. ரெண்டு பாதமும் தரையில முழுசாப் படுதா பாரு. நுனிக்கால்ல நிக்கிற வண்டி புது ஆளுக்கு ஆகாது. சிக்னல்ல ஒரு பள்ளத்துல கால் வெச்சா, வண்டியோட சேர்ந்து சாய வேண்டியதுதான்."

பட்டது.

"இறங்கு. இஞ்சினை அணைச்சபடி முன்னால பத்தடி, பின்னால பத்தடி தள்ளு. அப்புறம் சென்டர் ஸ்டாண்டு போடு."

போட்டான். லேசாக மூச்சு வாங்கியது. "இதையே புல்லட்ல பண்ணிப் பாரு. 190 கிலோவுக்கு மேல. தள்ள முடியாத வண்டியை ஓட்டக் கத்துக்க முடியாது தம்பி."

அடுத்து பிரேக் பாடம். எனக்கே புதிது. பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்வதால், வண்டியை நிறுத்துவதில் பெரும் பங்கு முன் பிரேக்குக்குத்தான். நம்மில் பாதிப் பேர் 'முன் பிரேக் பிடிச்சா தூக்கி எறியும்' என்று பயந்து பின் பிரேக்கை மட்டுமே மிதித்துக் காலம் தள்ளுகிறோம். இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்த வேண்டும். ஒரேயடியாக அழுத்தினால் சக்கரம் சுற்றுவது நின்று வண்டி வழுக்கும். ஏபிஎஸ் இருந்தால் சக்கரம் அப்படிப் பூட்டிக்கொள்ளாமல் அதுவே பார்த்துக்கொள்ளும். சிபிஎஸ் என்பது இன்னும் எளிய ஏற்பாடு. ஒரு பிரேக்கை அழுத்தினாலே இரண்டு சக்கரங்களும் பிடிக்கும். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ், அதற்குக் கீழே குறைந்தபட்சம் சிபிஎஸ் என்று கட்டாயமாக்கினார்கள். சில 125 சிசி வண்டிகளிலேயே ஏபிஎஸ் வருகிறது.

"செகண்ட் ஹேண்ட் வாங்கினா அதுக்கு முந்தின வருஷ வண்டியைத் தலையில கட்டிடுவாங்க. ரெண்டுமே இருக்காது. பார்த்து வாங்குங்க சார்" என்றார் என்னிடம்.

"அப்ப என்னதான் வாங்கலாம்?" என்றான் பையன், தூக்குத் தண்டனைக் கைதியின் குரலில்.

"நூறுலேருந்து நூத்தி இருபத்தஞ்சு. முன்னால டிஸ்க் பிரேக். நேரா நிமிர்ந்து உக்கார்ற ஹேண்டில் பார். குனிஞ்சு படுத்துக்கிட்டு ஓட்டறதெல்லாம் அப்புறம். ஒரு வருஷம் ஓட்டிட்டு வா, நானே உனக்கு அந்தப் பச்சை வண்டியைப் பார்த்துத் தரேன்."

வரும் வழியெல்லாம் பையன் பேசவில்லை. வீட்டு வாசலில் மட்டும் சொன்னான். "பாய்க்கு வயசாயிடுச்சுப்பா."

* * *

எதிர் வீட்டுக்காரர் வேறு கட்சி. பத்தாவது படிக்கும் மகன் கையில் வண்டிச் சாவியைக் கொடுத்து, "தெருமுனை வரைக்கும்தான் சார்" என்பார். எல்லா விபத்தும் ஏதாவது ஒரு தெருமுனையில்தான் நடக்கிறது என்று சொன்னேன். "உங்களுக்கு எப்பவும் பயம் சார்" என்றார்.

சட்டத்தைச் சொன்னேன். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது சேர்த்த பிரிவு இது. மைனர் பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

சிறை என்றதும் சிரித்தார். அபராதத் தொகை என்றதும் சாவியைப் பையிலிருந்து எடுத்துப் பூஜை அறையில் வைத்துவிட்டார். மனுஷ சுபாவம்!

அவர் சொன்னதும் பொய் இல்லை. எனக்குப் பயம்தான். அதற்குக் காரணம் உண்டு. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக என் மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லாத காரணம்.

* * *

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்திலிருந்து என் பால்ய சிநேகிதன் வந்திருந்தான், பெண் கல்யாணப் பத்திரிகையோடு. இடது கால் கொஞ்சம் குட்டை, சாய்ந்து சாய்ந்து நடப்பான். என் பையனுக்கு அஞ்சு வயசில் அவன் மடியில் உட்கார்ந்து, "மாமா, கால் ஏன் இப்படி?" என்று கேட்டபோது, "சின்ன வயசுல சொட்டு மருந்து போட்டுக்கலைடா கண்ணா, போலியோ" என்று சொல்லிவிட்டான். நானும் சும்மா இருந்துவிட்டேன். பதின்மூன்று வருஷமாக.

இட்லி சாப்பிடும்போது பையன் செல்போனை அவன் பக்கம் நீட்டினான்.

"மாமா, நீங்களாவது அப்பாகிட்ட சொல்லுங்க."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தான். "அழகா இருக்குடா. பின்னாடி யாரு உக்காருவா?"

"ஃப்ரெண்ட்ஸ்தான் மாமா."

என் சிநேகிதன் ஒன்றும் சொல்லவில்லை. சட்னியைத் தொட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான். இப்போதும் என்னைக் காப்பாற்றத்தான் பார்க்கிறான் என்று புரிந்தது. எனக்குத் தொண்டையில் இட்லி நின்றுவிட்டது.

"மாமாவுக்குப் போலியோ இல்லைடா" என்றேன்.

1987. எனக்குப் பதினேழு வயசு. லைசென்ஸ் கிடையாது. சித்தப்பா தூங்கிக்கொண்டிருந்தபோது அவர் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தேன். என் கால் தரைக்கு எட்டாத வண்டி. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இவனை ஏற்றிக்கொண்டேன். காவிரிப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தபோது உலகத்தையே ஜெயித்த மாதிரி இருந்தது. "மெதுவாப் போடா" என்று இரண்டு தடவை சொன்னான். சொன்னதால்தான் முறுக்கினேன். மாம்பழச் சாலைத் திருப்பத்தில் மணல். நடு வளைவில் பிரேக்கை மிதித்தேன்.

எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவனுக்குத் தொடை எலும்பு. ஆறு மாசம் கட்டு. பி.எஸ்ஸி. சேர வேண்டிய வருஷம் போயிற்று. கால் ஒன்றரை அங்குலம் குட்டையாயிற்று.

டேபிளில் யாரும் பேசவில்லை. என் மனைவி மட்டும் யாரும் கேட்காமலே காப்பி கலக்க எழுந்து போனாள்.

பையன் என்னைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்துக் கேட்டான். "அப்பா மேல கோவம் இல்லையா மாமா?"

"இருந்தது. கட்டு பிரிக்கிற வரைக்கும். தினம் சாயங்காலம் வந்து வாசல் திண்ணையில உக்காந்திருப்பான் உங்கப்பன். உள்ளே வர தைரியம் கிடையாது. ஆறு மாசம் ஒருத்தன் அப்படி உக்காந்தா, எப்படிக் கோவிச்சுக்கறது?" காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னான். "உங்கப்பன் கெட்டவன் இல்லைடா. வண்டி பெரிசு, கை சின்னது, பின்னாடி நான் வேற. அவ்வளவுதான். நீ எந்த வண்டி வேணா வாங்கு, இல்லே அந்த மெக்கானிக் சொல்றதைக் கேளு. என் கண்டிஷன் ஒண்ணே ஒண்ணு. லைசென்ஸ் எடுத்து ஆறு மாசம் பின்சீட் காலியா இருக்கணும். விழறதானா நீ மட்டும் விழு."

* * *

மறுநாளே பையன் எல்.எல்.ஆருக்கு மனு போட்டுவிட்டான். எல்.எல்.ஆர். கிடைத்து முப்பது நாள் கழித்துத்தான் லைசென்ஸ் டெஸ்ட்டுக்குப் போகலாம். அந்த முப்பது நாளும் பாயின் பழைய 100 சிசியில் 'எல்' போர்டு மாட்டி, ஞாயிறு காலைகளில் காலி மைதானத்தில் பயிற்சி. முதல் இரண்டு வாரமும் ஓட்டக் கற்றுத் தரவில்லை பாய். நிறுத்தத்தான் கற்றுத் தந்தார். இருபதில் போ, நிறுத்து. முப்பதில் போ, நிறுத்து. ஒரு செங்கல்லை வைத்து அதற்கு முன்னால் நிற்கச் சொன்னார். முதல் நாள் செங்கல்லைத் தாண்டிப் போனான். இரண்டாம் நாள் செங்கல் உடைந்தது. மூன்றாம் நாள் நின்றான்.

கணக்கும் சொன்னார். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன், 'ஐயோ மாடு!' என்று நினைக்கிற ஒரு விநாடிக்குள் ஏறக்குறைய 17 மீட்டர் போய்விடுவான். அதாவது ஒரு டவுன் பஸ்ஸின் நீளத்துக்கு மேல். பிரேக் பிடிப்பது அதற்கப்புறம்தான். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்க வேண்டிய தூரம் நாலு மடங்கு.

வண்டிக்கு முன்னால் ஹெல்மெட் வாங்கினோம். 2021 ஜூனிலிருந்து ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத டூவீலர் ஹெல்மெட்டை விற்கவே கூடாது. பிளாட்பாரத்தில் அடுக்கியிருக்கும் தொப்பிகளுக்கு இது தெரியாது. போட்டு, வாரை மாட்டி, தலையை ஆட்டிப் பார்த்தான். ஹெல்மெட் தனியாகவும் தலை தனியாகவும் ஆடக்கூடாது. ஊரில் பாதிப் பேர் அதை முழங்கையில்தான் மாட்டிக்கொண்டு போகிறார்கள். மூளை இருக்கிற இடம் அவரவருக்குத்தான் தெரியும்.

டெஸ்ட்டில் கால் ஊன்றாமல் எட்டு போட்டுப் பாஸாகிவிட்டான். ஷோரூமில் ஓர் இளைஞன், "கொஞ்சம் சேர்த்துப் போட்டா 200 சிசியே எடுத்துடலாம் சார்" என்று தேன் தடவினான். பையன் கேட்டான். "அண்ணே, அதுல என் ரெண்டு காலும் முழுசாத் தரையில படுமா?" இளைஞன் வேறு கஸ்டமரைப் பார்க்கப் போய்விட்டான். 125 சிசி, சாம்பல் கலர், முன்னால் டிஸ்க் பிரேக். பாட்டி வீட்டுக் கரடி மாதிரி சாதுவான வண்டி.

* * *

நேற்று காலை ஆபீசுக்கு லேட். பையன் ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டிருந்தான்.

"டேய், போற வழியில ஸ்டேஷன்ல இறக்கி விட்டுடேன்."

என்னை ஒரு தடவை பார்த்தான். பின்சீட்டை ஒரு தடவை பார்த்தான்.

"ஸாரிப்பா. மாமா கண்டிஷன். இன்னும் நாலு மாசம் பதினோரு நாள் இருக்கு."

சொல்லிவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, மெதுவாகத் தெருவில் இறங்கினான். தெருமுனையில் நின்று, பார்த்து, திரும்பினான். நான் நடந்தேன். ஸ்டேஷனுக்குப் பன்னிரண்டு நிமிஷம். படியேறும்போதே மின்சார ரயில் கிளம்பிவிட்டது.

ரயிலைக் கோட்டை விட்டுவிட்டு இவ்வளவு சந்தோஷமாக பிளாட்பாரத்தில் நின்ற ஆள் அன்றைக்கு நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன்.