பிடித்த மீனை ஏன் விட்டேன்

பேசாலை, தலைமன்னார், தாழ்வுபாடு, வங்காலை, அரிப்பு எங்கும் உள்ள என் உறவுகளுக்கு,

போன ஐப்பசியில் நான் அனுப்பிய படம் ஊரெல்லாம் சுற்றியிருக்கிறது. இரண்டு கையாலும் ஒரு மீனை ஏந்தியபடி நிற்கிறேன், பின்னால் ஏரி. நாலு இறாத்தல் தேறும். பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: குழம்பா, பொரியலா? தண்ணீரிலேயே விட்டுவிட்டேன் என்றதும் போனில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு பெரியப்பா சொன்னார்: "தம்பி, கடல் தாறது சாப்பாடு. சாப்பாட்டோட விளையாடக் கூடாது."

அந்தச் சொல் ஒரு வருடமாக என்னை விடவில்லை. நாற்பது வருடம் தொழிலுக்குப் போன மனிசன் சொன்னது. அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்த வருடம் இங்கே கனடாவில் வந்து இறங்கி, ஏரிக்கரையில் தூண்டிலோடு நிற்கப்போகிற நம் பிள்ளைகளுக்கும் சில விஷயம் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒன்றாகவே எழுதுகிறேன்.

மீனின் பெயர் ஸ்மோல்மவுத் பாஸ். பேசாலையில் பாஸ் என்றால் தவக்காலத்து நாடகம். இங்கே அது ஒரு நன்னீர் மீன். செம்பு கலந்த பச்சை உடம்பு, மேலிருந்து கீழாக மங்கல் பட்டிகள், அநேகமாகச் சிவந்த கண். வாயின் பின்னோரம் கண்ணைத் தாண்டாது. தாண்டியிருந்தால் அது லார்ஜ்மவுத் என்கிற அதன் உறவு. கொழுக்கி பட்டதும் தண்ணீருக்கு மேலே பாயும், பிறகு அடிக்குக் குத்தி இழுக்கும். சின்னப் பாரை ஒன்று கைத்தூண்டிலில் கிடந்து அடிக்கிற அடியை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் போவது சிம்கோ ஏரிக்கு. ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஒரு மணி நேர ஓட்டம். பரப்பு 700 சதுர கிலோமீற்றருக்கு மேல்; மன்னார்த் தீவைத் தூக்கி நடுவில் வைத்தாலும் நாலு பக்கமும் தண்ணீர் மிஞ்சும். ஆழம் கூடிய இடம் கெம்பன்பெல்ட் குடா, 40 மீற்றர் வரை போகும். குளம் என்று நினைத்து இறங்கக்கூடாது. காற்று எழும்பினால் அலையும் எழும்பும். அது நம் கடல் அலைபோல நீண்டு வராது, குட்டையாக, நெருக்கமாக, படகின் முகத்தில் அறையும்.

முதல் இலையுதிர் காலத்தில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆவணியில் மீன் பிடித்த அதே மரப்பாலத்தில் ஐப்பசியிலும் போய் நின்றேன். மூன்று சனிக்கிழமை, விடியலிலிருந்து மத்தியானம் வரை. கடலடியில் பிறந்தவன் என்ற நினைப்பு கண்ணை மறைத்திருந்தது. சோளகம் கிளம்பினால் தென்கடலை விட்டு வடகடலுக்கு மாறுகிற ஊரில் வளர்ந்தும், மீனும் காலத்தோடு இடம் மாறும் என்பதை நான் இங்கே மறந்துபோனேன்.

நடப்பது இதுதான். கோடையில் ஏரியின் மேல் தண்ணீர் சூடாகவும் அடித் தண்ணீர் குளிராகவும், எண்ணெயும் தண்ணீரும்போலப் பிரிந்து கிடக்கும். புரட்டாதி கழிய மேல் தண்ணீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்கும். நன்னீர் 4 பாகையில்தான் ஆகக் கனமானது. மேலும் கீழும் ஒரே குளிருக்கு வந்ததும் காற்று முழு ஏரியையும் புரட்டிக் கலக்கிவிடும். அந்தப் புரட்டு நடக்கிற சில நாள் மீன் கண்டபடி சிதறிக் கிடக்கும், அப்போது போவது வீண். புரட்டு ஓய்ந்த பிறகு வருவதுதான் பருவம். குளிர்காலம் முழுக்க இந்த மீன் அதிகம் தின்னாது, அதிகம் அசையாது. அதற்கு முன் உடம்பில் கொழுப்பு ஏற்றியாக வேண்டும். தண்ணீர் 15 பாகையிலிருந்து 8 பாகைக்கு இறங்குகிற அந்தக் கிழமைகளில் அது கூட்டம் கூடித் தின்கிறது. வருடத்தின் பெரிய மீன்கள் அப்போதுதான் அகப்படுகின்றன.

எங்கே என்று கேட்டால் உங்களுக்கு ஒரு சொல் போதும்: பார். கரையோரப் புல்லை விட்டு மீன் பாருக்குப் போய்விடும். ஏரியின் நடுவே மேடாக எழும்பி நிற்கும் கல்லுத் திட்டு, கரையிலிருந்து நீளும் கல்லு முனை, அது சடாரென்று ஆழத்துக்கு விழுகிற விளிம்பு. மூன்று பாகத்திலிருந்து ஆறு பாகம் வரை தேடுங்கள். படகில் எதிரொலிக் கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஈயத்தை இறக்கி அடியைத் தடவிப் பாருங்கள், கல்லா சேறா என்று கைக்கே தெரியும். இந்த வித்தையை நம் ஆட்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. படகு இல்லாதவர்கள் ஆழம் கிட்டவாக வருகிற கல்லுக் கரைகளைத் தேடுங்கள். காற்று மோதுகிற கரை நல்லது, சின்ன மீன் அங்கேதான் ஒதுங்கும்.

தூண்டிலுக்குப் பெரிய செலவு வேண்டாம். ஆறரை, ஏழு அடி நீளத்தில் நடுத்தரப் பலமுள்ள ஒரு சுழல் தூண்டில்கோல், 10 இறாத்தல் தாங்கும் பின்னல் நூல், அதன் நுனியில் 8 இறாத்தல் தாங்கும் கண்ணாடித் தங்கூசி இரண்டு பாகம். தண்ணீர் இங்கே மிகத் தெளிவு, நூல் தெரிந்தால் மீன் கிட்ட வராது. ஈயத்தலைக் கொழுக்கியில் மாட்டுகிற ரியூப் என்ற ரப்பர் இரை ஒன்று, பச்சை கலந்த மண்ணிறத்தில். ட்ரொப் ஷொட் என்று இன்னொரு முறை உண்டு: நுனியில் ஈயம், அதற்கு ஒரு முழம் மேலே சின்னக் கொழுக்கி. நம் கைத்தூண்டில் கட்டு ஏறக்குறைய அதேதான், பெயர்தான் புதுசு.

அந்த மண்ணிறத்துக்குக் காரணம் உண்டு. கோபி என்றொரு சின்ன மீன் கருங்கடல் பக்கத்திலிருந்து கப்பல்களின் அடித்தண்ணீரில் வந்து, 1990இல் பேரேரிகளில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. 2004இல் சிம்கோவில் விழும் ஆறொன்றிலும் கண்டார்கள். மற்ற மீன்களின் முட்டையைத் தின்று கெடுக்கிற அந்த மீனே இப்போது பாஸுக்குத் தீனி. கோபிக்கு மிதப்புப் பை கிடையாது, அடியோடு ஒட்டித் துள்ளித் துள்ளித்தான் நகரும். உங்கள் இரையும் அப்படியே அடியில் ஊர வேண்டும். குளிரக் குளிர இன்னும் மெதுவாக. பழகாதவர்கள் செய்கிற பெரிய பிழை வேகமாகச் சுருட்டுவது. இழுத்து, நிறுத்தி, மனதுக்குள் பத்து எண்ணுங்கள். கடி பலமாக வராது. நூல் கொஞ்சம் கனத்ததுபோல் இருந்தாலே கோலைத் தூக்குங்கள்.

இனிச் சொல்வதைப் பிள்ளைகள் கவனமாகக் கேட்க வேண்டும். நீந்தத் தெரியும் என்ற தைரியம் இந்தத் தண்ணீரில் உதவாது. நம் கடலில் கவிழ்ந்தவன் பலகையைப் பிடித்தபடி இரவு முழுக்க மிதந்து கரை சேர்ந்த கதைகள் ஊரில் உண்டு. குளிர் தண்ணீருக்கு இங்கே ஒன்று–பத்து–ஒன்று என்று ஒரு கணக்குச் சொல்கிறார்கள். விழுந்ததும் மூச்சுத் திணறும், அதை அடக்க ஒரு நிமிடம். அதன் பிறகு கையும் காலும் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம். உடம்பு குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம். மிதவைச் சட்டை போட்டிருந்தால்தான் அந்த ஒரு மணி நேரமும் கிடைக்கும். படகில் கிடந்தால் போதாது, உடம்பில் இருக்க வேண்டும். தனியே போகாதீர்கள். வடமேற்குக் காற்று என்று சொன்னால் வீட்டில் இருங்கள்.

ஒன்ராறியோவில் 18 வயதிலிருந்து 64 வரை உள்ளவர்கள் உரிமம் எடுத்தே ஆக வேண்டும். சிம்கோவில் முழு உரிமத்துக்குப் பாஸ் ஆறு வைத்துக்கொள்ளலாம், குறைந்த கட்டண உரிமத்துக்கு இரண்டு. பருவம் தொடங்கும் நாளும் முடியும் நாளும் ஏரிக்கு ஏரி வேறுபடும், மாறவும் செய்யும், அதனால் மாகாணம் வெளியிடும் விதிப் புத்தகத்தை ஒவ்வொரு வருடமும் பாருங்கள். பெரிய மீனில் பாதரசம் கூடுதலாக இருக்கும். எந்த ஏரியில் எந்த அளவு மீனை மாதம் எத்தனை தரம் தின்னலாம் என்பதற்கும் மாகாணம் வழிகாட்டி வைத்திருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சிகளும் குழந்தைகளும் உள்ள வீட்டில் அதைப் பார்க்காமல் சமைக்க வேண்டாம்.

சிம்கோவில் பாஸ் பருவம் ஜூன் பிற்பகுதியில்தான் திறக்கும். அதற்கு முன் ஆண் மீன் கல்லுக்குள் குழி பறித்து, பெண் இட்ட முட்டைக்கு இரவும் பகலும் காவல் நிற்கும். கட்டுக்கரைக் குளத்தில் விரால் தன் குஞ்சுகளைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அந்த ஒரு மீனைத் தூக்கினால் கோபிக் கூட்டம் வந்து குழியைத் துடைத்துவிடும். குளிர் நாட்டு மீன் மெல்லத்தான் வளரும். என் கையில் இருந்த நாலு இறாத்தல் மீனுக்குப் பத்து வயதுகூட இருந்திருக்கலாம்.

பெரியப்பா, நான் விட்டது அதனால்தான். தின்னும் நாளில் ஒன்றிரண்டு நடுத்தர மீனைக் கொண்டுவந்து தின்கிறோம், உங்கள் மருமகள் சீரகமும் மிளகும் போட்டுச் சொதி வைப்பாள். முட்டைக்குக் காவல் நிற்க வேண்டிய பெரியதை விடுகிறேன். ஆழத்திலிருந்து இழுத்த கலவாய் வயிறு ஊதி வருமே, அதுபோல ஐந்து பாகத்துக்குக் கீழே பிடித்த பாஸும் ஊதிவிடும், விட்டாலும் பிழைக்காமல் போகலாம். ஆகவே விட நினைப்பவன் அவ்வளவு ஆழத்தில் தூண்டில் போடக்கூடாது. நனைந்த கையால் பிடித்து, படம் எடுத்தால் ஒரு கணத்தில் எடுத்து, உடனே இறக்க வேண்டும். உங்களுக்கு அனுப்பிய படத்துக்கு நான் எடுத்த நேரமும் கொஞ்சம் அதிகம்தான்.

இங்கே வந்த பிறகு நான் அறிந்த ஒரு கதையை ஊர் முழுக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். 1986 ஆகஸ்டில் நம் தமிழர் 155 பேர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் அத்திலாந்திக் கடலில் விடப்பட்டுத் திசை தெரியாமல் மிதந்தார்கள். மூடுபனிக்குள் அவர்களைக் கண்டு காப்பாற்றியவர்கள் நியூபவுண்ட்லாந்து மீனவர்கள். அந்த மீனவர்களின் சீவியம் கொட் மீன். நூற்றாண்டு நூற்றாண்டாக அள்ளியும் குறையாத மீன் என்று நம்பியிருந்தார்கள். பெரிய இழுவைக் கப்பல்கள் பல நாடுகளிலிருந்தும் வந்து அள்ளின, அவர்களுடைய அரசும் கணக்கைப் பிழையாகப் போட்டது. ஆறு வருடம் கழித்து, 1992 ஜூலையில், கொட் தொழில் ஒரே நாளில் மூடப்பட்டது. ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தார்கள். ஊர் ஊராக வெளியேறினார்கள். வர்த்தகத் தொழிலுக்குத் தடை நீங்கியது 2024இல், 32 வருடம் கழித்து. அதுவும் மிகச் சிறிய அளவில்.

நம் கரைக்கும் இது புதிதல்ல. அரிப்புக்கு வெளியே உள்ள முத்துப் பார்களை 1906இல் ஒரு கம்பனி இருபது வருடக் குத்தகைக்கு எடுத்தது. சில வருடத்திலேயே சிப்பி இல்லாமல் கம்பனி கலைந்தது. 1925க்குப் பிறகு அங்கே பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை.

இன்று அக்கரைத் தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் உங்கள் வலையை அறுப்பதும், கடலடியை வாரிக்கொண்டு போவதும் பெரிய அநியாயம். அதை நிறுத்தச் சொல்லி நீங்கள் எழுப்பும் குரலோடு நானும் நிற்கிறேன். இழுவை மடியை 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் தடைசெய்திருக்கிறது. அந்தச் சட்டம் நம் கரைப் படகுக்கும் பொருந்தும். அக்கரையைப் பார்த்துக் கேட்கிற கேள்வி பலமாக இருக்க வேண்டுமென்றால் நம் கரையில் இழுவை மடி இருக்கக் கூடாது, டைனமைட் இருக்கக் கூடாது. இதைக் கடற்றொழிலாளர் சங்கங்களில் இருக்கிற அண்ணன்மாரிடம் கையெடுத்துக் கேட்கிறேன். எந்தப் பாரில் எந்த மாதம் மீன் சினைக்கு ஒதுங்கும் என்பது பெரியப்பா வயதுக்காரர்களுக்குத் தெரியும். அவர்களை ஒருநாள் சங்கக் கட்டிடத்தில் இருத்தி, பார் பாராக, மாதம் மாதமாக எழுதி எடுங்கள். அந்த மாதங்களில் அந்தப் பார்களை விட்டுவிடுங்கள்.