கசிப்புப் போத்தலில் எச்சரிக்கை இல்லை

வீட்டிலேயே பியர் தயாரிப்பது எவ்வாறு என்பதைக் கற்பிக்கும் விளக்கப்படங்கள் இன்று கையடக்கத் தொலைபேசிகளில் தாராளமாகக் காணக் கிடைக்கின்றன. முளைவிட்ட பார்லி, ஹொப்ஸ் எனும் கசப்புப் பூ, ஈஸ்ட், வெப்பநிலை, நாட்கணக்கு என யாவும் வண்ணங்களாலும் அம்புக்குறிகளாலும் ஒரே பக்கத்தில் விளக்கப்பட்டுவிடுகின்றன. பிரித்தானியாவில் 1963 முதல் சொந்தப் பாவனைக்கு பியர் தயாரிக்க அனுமதிப்பத்திரம் தேவையில்லை. அமெரிக்காவும் 1978 இல் சட்டத்தைத் தளர்த்தியது. அந்நாடுகளில் இது ஓய்வுநேரப் பொழுதுபோக்கு.

எமது நாட்டில் நிலைமை வேறு. 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமின்றி மதுபானம் தயாரிப்பது தண்டனைக்குரிய குற்றமாகும். ஆயினும் 2020 இல் கொரோனா ஊரடங்கின்போது மதுபானக் கடைகள் மூடப்பட்டதும், நகர்ப்புற வீடுகள் சிலவற்றிலும் இந்தப் 'பரிசோதனை' நடக்கவே செய்தது. அது ஊரடங்கோடு ஓய்ந்துபோன விடயம். யட்டியாந்தோட்டை, தெரணியகலை, காவத்தை, இறக்குவானைப் பகுதித் தோட்டங்களில் வாழும் எமது மக்களுக்கோ வீட்டு வடிப்பு என்பது பொழுதுபோக்கும் அல்ல, பியரும் அல்ல. அதன் பெயர் கசிப்பு.

தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில்தான் 1,350 ரூபாவாக்கப்பட்டது. ஒரு போத்தல் சாராயத்தின் விலை அதன் இரு மடங்கையும் தாண்டி நின்றது. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் மதுவரி உயர உயர, குடிப்பவர் குடியை விடவில்லை. மலிவானதைத் தேடிச் சென்றார். அரசின் கணக்கில் இது மதுப் பாவனை குறைந்ததாகவே பதிவாகும்.

பியர் விளக்கப்படத்துக்கும் கசிப்புக்கும் உள்ள வேறுபாட்டை எவரும் தோட்டத்தில் படம் போட்டுக் காட்டியதில்லை. பியர் நொதித்தலுடன் நின்றுவிடுவது. அதிலுள்ள மதுசாரம் பெரும்பாலும் 5 சதவீதமளவே. கசிப்புக்கோ சீனியையும் ஈஸ்ட்டையும் புளிக்கவைத்த 'கோடா' அடுப்பேற்றப்பட்டு, ஆவி குளிர்விக்கப்பட்டு, செறிவு பல மடங்காக்கப்படுகின்றது. எவ்வளவு செறிவு என்பது காய்ச்சியவனுக்கே தெரியாது. துருப்பிடித்த பீப்பாவிலிருந்தும் ஈயப் பற்றாசு வைத்த குழாயிலிருந்தும் அதில் என்ன கலந்தது என்பதும் தெரியாது. எல்லாவற்றிலும் கொடியது, போதையைக் கூட்டவோ அளவைப் பெருக்கவோ தொழிற்சாலை மெதனோல் கலக்கப்படுவதாகும். 2023 மே மாதத்தில் தமிழ்நாட்டின் மரக்காணத்திலும், 2024 ஜூனில் 60 பேருக்கும் மேல் உயிரிழந்த கள்ளக்குறிச்சியிலும் உயிர்களைக் குடித்தது இந்த மெதனோல்தான்.

மெதனோல் உடலினுள் சென்றதும் ஈரலில் போமிக் அமிலமாக மாறுகின்றது. கேகாலை மாவட்டத்தின் இறப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டும் தொழிலாளிக்கு இந்த அமிலம் அந்நியமானதல்ல. தொழிற்சாலையில் இறப்பர்ப் பாலை உறையவைக்க ஊற்றுகின்ற அதே அமிலம் அது. கையில் பட்டால் எரியும் என்று அவர் நன்கறிவார். அதுவே தமது இரத்தத்தினுள் உருவாகிக் கண் நரம்பை அழிக்கும் என்பதை அவருக்கு யார் சொன்னார்கள்? ஒரு பக்கத்தில் பால் வாளியும் அமிலக் கேனும், மறுபக்கத்தில் போத்தலும் கண்ணும். இப்படியொரு படத்துக்கு எழுத்தே தேவைப்படாது. இறப்பர்க் காட்டுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கப்படம் இருக்க முடியாது என்பது எமது எண்ணம்.

அதே படத்தில் இன்னொன்றும் இடம்பெற வேண்டும். மெதனோலின் அறிகுறிகள் உடனே தோன்றுவதில்லை. பல மணித்தியாலங்கள் கழிந்து, சில வேளை மறுநாளே வாந்தி, வயிற்று வலி, பனிமூட்டத்தினூடே பார்ப்பது போன்ற மங்கல் ஆகியன ஏற்படும். வெறி தெளியவில்லை என எண்ணி லயன் அறையில் படுக்க வைத்துவிட்டால் பார்வையோ உயிரோ போய்விடும். உரிய நேரத்தில் வைத்தியசாலையை அடைந்தால் மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் உண்டு. பொலிஸுக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சத்தில் குடும்பத்தினர் தாமதிப்பதும் உண்டு. தோட்ட வைத்திய உதவியாளர் அந்த அச்சத்தை நீக்குதல் வேண்டும்.

படத்தின் வலிமையை அரசு அறியாததல்ல. 2015 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தின் கீழ் சிகரட் பெட்டியின் 80 சதவீதப் பரப்பில் படத்துடன் கூடிய எச்சரிக்கை கட்டாயமாக்கப்பட்டது. கசிப்புக்குப் பெட்டியும் இல்லை, முகப்புச் சீட்டும் இல்லை. ஆகவே எச்சரிக்கை, போத்தலுக்கு வெளியே பெரட்டுக்களத்திலும் கொழுந்து மடுவத்திலும் பால் நிறுக்கும் இடத்திலும் பிள்ளை மடுவத்தின் சுவரிலும் தொங்க வேண்டியுள்ளது. அதுவும் தமிழில். சிங்களத்தில் மட்டும் அச்சிட்ட அறிவித்தலைத் தமிழ்த் தொழிலாளர் முன் ஒட்டிவிட்டுக் கடமை முடிந்ததெனக் கருதும் வழக்கம் சப்ரகமுவவுக்குப் புதிதல்ல.

மண்டையோட்டையும் குறுக்கு எலும்பையும் வரைந்து 'குடித்தால் சாவாய்' என்று அச்சுறுத்துவதால் பயனில்லை. இருபது வருடங்களாகக் குடித்தும் நடமாடுகின்ற பெரியப்பாவைத் தினமும் காணும் இளைஞன் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிப்பான். உண்மையை உள்ளவாறே காட்டும் படத்தைத்தான் அவன் நம்புவான்.

மது முற்றாக விலக்கப்பட்ட மார்க்கத்தைப் பின்பற்றும் எமது முஸ்லிம் வாசகர்கள், இதில் தமக்கென்ன தொடர்பு என்று கேட்கலாம். மாவனல்லையிலும் இரத்தினபுரியிலும் பலாங்கொடையிலும் தோட்ட மக்களோடு தினமும் கொடுக்கல் வாங்கலில் ஈடுபடுவோர் அவர்கள். கோடாவுக்கான சீனியும் ஈஸ்ட்டும் வானத்திலிருந்து விழுவதில்லை. ஏதோ ஒரு நகரத்துக் கடையில்தான் வாங்கப்படுகின்றன. எந்த இனத்தவராயினும் வர்த்தகர், வழமைக்கு மாறான பெருந்தொகைக் கொள்வனவைக் கண்டால் அது எங்கே செல்கின்றது என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. பள்ளிவாசல் நிர்வாகங்களும் கோயில் பரிபாலன சபைகளும் இவ்விடயத்தில் கூடிப் பேசுவதற்குத் தடையேதும் இருப்பதாக நாம் கருதவில்லை.

மதுவரித் திணைக்களத்தின் சுற்றிவளைப்புகள் தொடரட்டும். ஆனால் இன்று உடைக்கப்படும் பீப்பா அடுத்த வாரமே மற்றோர் ஓடைக்கரையில் முளைக்கின்றது. புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் மாகாண சுகாதாரத் திணைக்களமும் சேர்ந்து, முதலில் யட்டியாந்தோட்டைப் பகுதியின் சில இறப்பர்த் தோட்டங்களிலேனும் இந்தப் படத்தைத் தொங்கவிட்டுப் பார்க்கலாம். அதற்கு ஆகும் செலவு, ஒரு சுற்றிவளைப்புக்குச் செல்லும் ஜீப் வண்டியின் எரிபொருளைவிடப் பெரிதாக இருக்கப் போவதில்லை.