வங்கியும் ஒரு கடைதான்

போன மாதம் விட்பியில் எங்கட வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அம்மாவின் வங்கிக் கணக்கு அறிக்கை கிடந்தது. மாதம் 30 டொலர் கட்டணம் வெட்டுப்பட்டிருந்தது. "ஒரு சதமும் கட்டத் தேவையில்லை" என்று சொல்லித்தான் கிளையில் கையெழுத்து வாங்கினவை. ஒப்பந்தம் முழுக்க ஆங்கிலம். அம்மா சொன்னா: "கையெழுத்துப் போட்டாச்சு, இனி என்ன செய்யிறது?"

தோழர்களே, இந்த "என்ன செய்யிறது" தான் வங்கிகளின் பெரிய சொத்து.

ஒரு தளபாடக் கடை இப்படிச் செய்திருந்தால் ஒன்ராறியோவின் 2002 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டியிருப்போம். ஒப்பந்தத்தின் மொழி விளங்காதவர் என்று தெரிந்தும் ஒருவரைச் சம்மதிக்க வைத்தார்களா என்பதை 15ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் பார்க்கலாம். 18ஆம் பிரிவின்படி, நேர்மையற்ற நடைமுறையால் வந்த ஒப்பந்தத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் அறிவித்து விலகலாம். பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும், வாயால் சொன்னதும் சாட்சியமாக ஏற்கப்படும்.

வங்கி மட்டும் ஏன் வேற சாதி? அவர்களின் பதில்: 1867 அரசியலமைப்பு வங்கித்துறையை ஒட்டாவாவிடம் கொடுத்தது, மாகாணச் சட்டம் எங்களைத் தொடாது.

இந்த வாதம் ஏற்கெனவே தோற்றது. கடனட்டையில் வெளிநாட்டு நாணயமாற்றுக் கட்டணத்தைச் சொல்லாமல் எடுத்ததற்கு எதிராக 2003இல் கியூபெக்கில் தொடங்கிய மார்க்கொட் கூட்டு வழக்கில், 2014 செப்டெம்பர் 19 அன்று கனடிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: மாகாண நுகர்வோர் சட்டம் வங்கிகளுக்கும் பொருந்தும். கட்டணத்தை மறைத்த வங்கிகள் அதைத் திருப்பிக் கொடுக்கவும், ஆளுக்கு 25 டொலர் தண்டமாகக் கட்டவும் வேண்டி வந்தது.

நீதிமன்றத்தில் தோற்றதைப் பாராளுமன்றத்தில் வெல்லப் பார்த்தார்கள். 2016இல் சி-29 சட்டமூலம் மாகாணச் சட்டங்களுக்கு மேலாக மத்திய விதிகளை வைக்க முயன்றது. கியூபெக் எதிர்த்தது; டிசெம்பரில் அந்தப் பகுதி மீளப் பெறப்பட்டது. ஒன்ராறியோவில் நாங்கள் எங்கே இருந்தோம்?

"நாடு முழுக்க ஒரே விதி நல்லதுதானே?" என்று சிலர் கேட்பினம். அது தரையாக இருந்தால் நல்லது, கூரையாக இருந்தால் இல்லை. மத்திய நுகர்வோர் முகவரகம் தனிமனிதருக்கு நட்டஈடு வாங்கித் தராது. வங்கி முறைப்பாட்டு ஒம்புட்ஸ்மனின் பரிந்துரை வங்கியைக் கட்டுப்படுத்தாது. நீதிமன்றத் தீர்ப்பு கட்டுப்படுத்தும்.

மார்க்கொட் கியூபெக் சட்டம் பற்றியது. ஒன்ராறியோவில் வங்கியின் சட்டத்தரணிகள் வங்கிச் சட்டத்தின் 2012 முகவுரையைத் தூக்கிக்கொண்டு வருவினம். வரட்டும். வழக்குப் போடாமல் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது.

இந்த வார இறுதியில் அம்மா அப்பாவின் அறிக்கைகளை எடுத்துப் பாருங்கோ. கிளையில் யார், எப்ப, என்ன சொன்னது என்று திகதியோட எழுதி வையுங்கோ. ஒரு வருடக் கெடு ஓடிக்கொண்டிருக்கு.

அம்மாவின் கடிதத்தை நாளைக்கு அனுப்புறன்.