துளை செய்யும் தொண்டு

துளை என்றால் குறை என்றே எண்ணிப் பழகிவிட்டோம். ஓட்டைப் பானையை அடுப்பில் ஏற்றுவார் இல்லை. ஓட்டைப் படகில் கால் வைப்பாரும் இல்லை. ஆயினும் துளையில்லாத சல்லடை உண்டோ? துளையில்லாத புல்லாங்குழல்தான் உண்டோ? ஆனியில் சாரல் இறங்கிவிட்டால் குற்றாலத்துக்குத் திரண்டு வரும் கூட்டம் அருவியைப் பார்க்கிறது. அருவிக்கு மேலே காட்டு மண்ணில் உள்ள எண்ணற்ற துளைகளை அது பார்ப்பதில்லை. மழை ஓய்ந்த பின்னும் செண்பகாதேவியில் நீர் விழுகிறதென்றால், அந்தத் துளைகள் நீரை உறிஞ்சி வைத்துச் சிறுகச் சிறுக விடுவதால் அன்றோ?

நான் வேதியியல் கற்பிப்பவன். ஆகவே இயற்கையின் துளையைவிட மனிதன் செய்த துளையைப் பற்றிச் சொல்லவே எனக்கு உரிமை அதிகம். பாலிமர் என்று நாம் வழங்கும் பலபடிச் சேர்மங்களைப் பட்ட வகுப்பில் பாடமாக வைத்திருக்கிறோம். பாலிதீன், நைலான், பேக்கலைட் என்று பெயர்களையும், அவை பிறக்கும் வினைகளையும் மாணவர்கள் ஒப்பிக்கிறார்கள். அதே பலபடியில் வேண்டிய இடத்தில் வேண்டிய அளவில் துளை உண்டாக்குவது எப்படி என்பதை மட்டும் நாம் தொடுவதில்லை. அதைத் தொட வேண்டும். சொல்லிக் கொடுப்பதோடு நில்லாமல், நம் போன்ற சிற்றூர்க் கல்லூரிகளிலும் செய்து காட்ட வேண்டும் என்பது என் துணிபு.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். சிறுநீரகம் இரண்டும் பழுது. வாரத்தில் மூன்று நாள் விடியற்காலைப் பேருந்தில் ஏறிப் போய், நான்கு மணி நேரம் படுத்திருந்து, பொழுது சாயும் வேளையில் தளர்ந்து திரும்புகிறார். கேட்டால், "ரத்தம் மாத்தப் போயிட்டு வாரேன் சார்வாள்" என்பார். உண்மையில் இரத்தம் மாற்றப்படுவதில்லை, கழுவப்படுகிறது. கழுவுவது யார்? இயந்திரம் என்று நினைக்கிறோம். இயந்திரம் இரத்தத்தை இழுத்து விடுகிறது, அவ்வளவே. கழுவுவது அதன் பக்கவாட்டில் மாட்டியிருக்கும் ஒரு முழத்துக்கும் குறைவான குழாய். அதற்குள் தலைமுடியைவிடச் சற்றே தடித்த, உள்ளே வெற்றிடம் உள்ள பலபடி இழைகள் ஏறத்தாழ பத்தாயிரம் கட்டாக நிற்கின்றன. ஒவ்வொரு இழையின் சுவரிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கிட்டால் வருவது ஒரு நானோமீட்டர். அத்தகைய சில நானோமீட்டர் அளவே அத்துளைகள். யூரியா என்னும் கழிவு அதில் புகுந்து வெளியேறிவிடும். உடலுக்கு வேண்டிய புரதமும் இரத்த அணுக்களும் பெரியவை, புக மாட்டா. அந்த இழைகளின் சுவரையெல்லாம் விரித்துப் பரப்பினால் ஒரு பத்தமடைப் பாயின் அளவு வரும். ஒரு மனிதரின் உயிர் அந்தப் பாய் அளவுச் சவ்வில் தங்கியிருக்கிறது.

இதற்கு வழி திறந்தவர் நெதர்லாந்து மருத்துவர் வில்லம் கோல்ஃப். ஜெர்மானியர் ஆக்கிரமிப்பில் நாடு சிக்கியிருந்த 1943ஆம் ஆண்டில், இறைச்சியை அடைத்து விற்கும் செலோபேன் உறையை ஒரு மர உருளையில் சுற்றி, உப்புநீர்த் தொட்டியில் சுழல விட்டுத் தம் முதல் இயந்திரத்தை அமைத்தார். முதலில் வந்த நோயாளிகள் பிழைக்கவில்லை. 1945இல்தான் ஒரு மூதாட்டி பிழைத்தெழுந்தார். கசாப்புக் கடையில் கிடைத்த பொருளை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ள அவர் கூசவில்லை என்பதை நம் மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

அந்தப் பெரியவரின் இரத்தத்தைக் கழுவ ஒரு தடவைக்கு ஏறத்தாழ 120 லிட்டர் நீர் வேண்டும். அது குடிநீரைவிடத் தூய்மையானதாக இருந்தாக வேண்டும். அந்த நீரைத் தூய்மை செய்வதும் இன்னொரு துளைச் சவ்வுதான், ஆர்.ஓ. என்று தெருவெங்கும் பலகையில் காண்கிறோமே, அதுதான். அதன் பிறப்பில் நம்மவர் ஒருவரின் கை உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

செலுலோஸ் அசிடேட் சவ்வு உப்பைத் தடுத்து நீரை விடும் என்பதை அமெரிக்காவில் ரீட் என்பவர் 1950களிலேயே காட்டியிருந்தார். ஆனால் நீர் வந்த வேகத்தில் தாகம் தீராது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவிலிருந்து சென்ற சௌரிராஜன் என்பவரும் சேர்ந்து இதற்கு விடை கண்டனர். (சௌரிராஜன் என்பது திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் திருநாமம்.) செலுலோஸ் அசிடேட்டை அசிட்டோனில் சில உப்புகளோடு கரைத்து, கண்ணாடித் தகட்டில் மெல்லப் பரப்பி, உடனே பனிக்கட்டி நீரில் ஆழ்த்தினார்கள். நீர் பட்ட மாத்திரத்தில் மேற்பரப்பு சட்டென உறைந்து மிக மெல்லிய, அடர்ந்த தோலாகிவிடுகிறது. அடியில் அசிட்டோன் வெளியேறிய இடமெல்லாம் துளையாகி, கடற்பஞ்சு போல் நிற்கிறது. உப்பைத் தடுப்பது தோல். தோலைத் தாங்குவது பஞ்சு. தோல் மெல்லியதாகையால் நீர் விரைந்து பாய்கிறது. பின்னர் வெந்நீரில் சிறிது பதப்படுத்தினால் துளைகள் இன்னும் சுருங்கி உப்பை நன்கு தடுக்கின்றன. 1960ஐ ஒட்டி நடந்தது இது. 1965இல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்னும் சிற்றூர் இம்முறையில் உப்பு நீக்கிய நீரைப் பருகியது. சௌரிராஜன் பின்னர் கனடாவில் ஒட்டாவா நகரின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் நெடுங்காலம் இதே துறையில் உழைத்தார்.

அந்தச் சவ்வின் வாரிசுகள்தாம் இன்று சென்னைக்கு மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்குகின்றன. மீஞ்சூர் நிலையம் 2010இல் வந்தது. நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் அதன் கொள்ளளவு. திருப்பூரில் சாயக்கழிவு நொய்யலைக் கெடுத்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பின், அவை மீண்டும் இயங்க வழிவிட்டதும் இச்சவ்வுகளே. பிரிந்து நிற்கும் உப்பை எங்கே கொட்டுவது என்ற தலைவலி மட்டும் இன்னும் தீரவில்லை. ஓசூர்ப் பக்கம் உருவாகும் மின் ஸ்கூட்டர்களின் மின்கலத்துக்குள்ளும் நேர்முனையையும் எதிர்முனையையும் பிரித்து நிற்பது துளையுள்ள பலபடித் தாள்தான்.

இத்தனை அருமையான பொருளை நம் ஊரில் எப்படிப் பயன்படுத்துகிறோம்? இங்கேதான் எனக்கு மனத்தாங்கல். மலையிலிருந்து இறங்கும் சிற்றாற்று நீரில் கரைந்த உப்பு மிகக் குறைவு. அதைக் கொதிக்க வைத்தாலோ, நுண்ணுயிரைத் தடுக்கும் எளிய வடிகட்டியில் விட்டாலோ போதும். ஆனால் அந்த நீரையே ஆர்.ஓ. பெட்டியில் விட்டு, ஒரு குடம் குடிக்க இரண்டு மூன்று குடத்தைச் சாக்கடைக்கு அனுப்பும் வீடுகளைத் தென்காசியில் நான் அறிவேன். கிழக்கே போகப் போக நீர் உப்புக் கரிக்கும் கிணறுகள் உண்டு. அங்கே அது தேவை. இங்கே அது பகட்டு. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உப்புக் கரைந்த நீருக்கு இக்கருவியைத் தடை செய்யும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதத்திலேயே அரசைப் பணித்தது. விளம்பரத்தின் குரல்தான் வீட்டுக்குள் கேட்கிறது.

மறுபுறம், அந்தப் பெரியவருக்கு மாட்டும் குழாயின் உறையைப் பாருங்கள். ஜெர்மனி, ஜப்பான் நிறுவனங்களின் பெயர்களே மிகுதி. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தால் அவருக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அரசின் பணம் எங்கோ போகத்தானே செய்கிறது? விலை கருதி ஒரே குழாயைக் கழுவி அதே நோயாளிக்கு மீண்டும் மாட்டும் வழக்கம் நம் நாட்டில் பரவலாக உண்டு. மும்பை, கரக்பூர் ஐ.ஐ.டி.க்களில் இத்தகைய இழைகளை நூற்றுக் காட்டியிருக்கிறார்கள். ஆய்வகத்தில் நூற்ற இழை ஆலைக்குப் போய் மருத்துவமனைக்கு வருவது நெடும்பயணம். அதற்கு ஆள் வேண்டும்.

முடியுமா என்று ஐயுறுவோர் செங்கோட்டை தாண்டி, ஆரியங்காவுக் கணவாய் வழியே மலைக்கு அந்தப் பக்கம் பார்க்கட்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தானும் அவர் குழுவினரும் இதய வால்வு செய்யப் புகுந்தார்கள். செயற்கை நீலக்கல் தட்டு வைத்தது உட்பட மூன்று வடிவங்கள் தோற்றன. உயர் மூலக்கூற்று எடைப் பாலிதீன் தட்டுடன் அமைந்த நான்காவது வடிவம் 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அந்த வால்வைச் சுற்றி நூலிழுத்துத் தைக்கும் வளையம் துளைகள் நிறைந்த பாலியெஸ்டர் துணி. அத்துளைகளுக்குள் நோயாளியின் சொந்தத் திசு வளர்ந்து புகுந்து வால்வைத் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைப் பெற்றிருக்கிறார்கள்.

நாம் வால்வு செய்ய வேண்டாம். மூன்றாம் ஆண்டுச் செய்முறையில் ஒரே ஒரு சோதனையைச் சேர்த்தால் போதும். சௌரிராஜன் செய்ததன் எளிய வடிவம்: உப்பை விட்டுவிட்டு, வெறும் கரைசலைத் தகட்டில் பரப்பி நீரில் இறக்குவது. தெளிந்த படலம் கண்ணெதிரே பால்போல் வெளுக்கும். துளை பிறக்கும் அடையாளம் அது. பிறகு சாயநீரை ஊற்றி எது தங்குகிறது, எது போகிறது என்று மாணவனே அளக்கட்டும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். பன்சன் விளக்கை அணைத்துவிட்டுச் சன்னலைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டும், அவ்வளவே. அசிட்டோனும் கண்ணாடித் தகடும் நம் ஆய்வகத்தில் இருக்கின்றன. செலுலோஸ் அசிடேட் ஒரு புட்டி வாங்க வேண்டும். பனிக்கட்டிக்குப் பேருந்து நிலையத்தருகே உள்ள பழச்சாற்றுக் கடை போதும்.